பழைய கதை நறுக்குகளைக் கணினியில் ஏற்றக் கற்றுத்தர ஆள் வேண்டும்
வணக்கம், பினாங்குத் தீவிலோ பட்டர்வொர்த்திலோ இருப்பவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். 1924 முதல் 2019 வரை கோலாலம்பூரிலிருந்து வந்த தமிழ் நேசன் நாளிதழில் அப்பா வெட்டி வைத்த சிறுகதைகள் இரண்டு மைலோ டின் நிறைய இருக்கின்றன, தொட்டாலே ஓரம் உதிர்கிறது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஆறு பேர் சேர்ந்து கைப்பேசியில் படம் எடுத்து, கூகுள் டாக்ஸில் திறந்து எழுத்தாக்கிப் பார்த்தோம். புது எழுத்து ஓரளவு வருகிறது, ஆனால் யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்பு வைத்த பழைய வடிவ லை, னை வந்தால் போச்சு, ‘மலை’ என்னென்னவோ ஆகிவிடுகிறது. சரி, அதைக் கையால் திருத்திக்கொள்ளலாம். யூனிகோடில் தட்டச்சு, கோப்புக்குப் பெயரும் தேதியும் போடும் முறை, இதையெல்லாம் ஒரு சனிக்கிழமை மதியம் பொறுமையாகச் சொல்லித்தர யாராவது வருவீர்களா? (எங்களில் மூவருக்கு வயது அறுபதுக்கு மேல்.) அப்புறம், ஒரு ஸ்கேனர் இரவல் கிடைத்தாலும் நல்லது. பெட்ரோல் காசும் தே தாரிக்கும் (ஆற்றிய பால் தேநீர்) எங்கள் பொறுப்பு.