கபாசிட்டி ஃபேக்டர் = தேறு விகிதம்? (அணுமின் கலைச்சொற்கள் இழை)

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையைத் தொடங்கிய பேராசிரியர் ஐயாவுக்கு நன்றி. அணுமின் நிலையங்களால் என்ன பயன் என்று தமிழில் எழுத உட்காரும் எவரும் முதலில் முட்டி நிற்கும் இடம், கபாசிட்டி ஃபேக்டருக்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான். ஒரு மின்நிலையம் முழுத்திறனில் ஓடியிருந்தால் தந்திருக்கக்கூடிய மின்சாரத்தில் உண்மையில் தந்தது எத்தனை பங்கு என்பதே அந்த அளவு.

> கபாசிட்டி ஃபேக்டரை நேரடியாகத் ‘திறன் காரணி’ என்றே சொல்லிவிடலாமே?

முடியாது ஐயா. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் பவர் ஃபேக்டருக்கு அந்தப் பெயரை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. மின்நிலையம் பற்றிய ஒரே கட்டுரையில் இரண்டும் வரும், படிப்பவர் திணறுவார். ‘கொள்ளளவுக் காரணி’யும் ஒத்துவராது. சென்னைக்காரருக்குக் கொள்ளளவு என்றால் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் இன்றைய நிலவரம். ‘சுமைக் காரணி’ நுகர்வோர் பக்கத்துக் கணக்கு: உச்சத் தேவையோடு சராசரித் தேவையை ஒப்பிடுவது. அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. இந்த ஒரு சொல் இல்லாததால்தான் தமிழ்க் கட்டுரைகளில் மெகாவாட்டை மெகாவாட்டோடு நேரே ஒப்பிட்டுவிடுகிறார்கள். கமுதி சூரிய மின்நிலையம் 648 மெகாவாட். கல்பாக்கத்தின் ஓர் உலை 220 மெகாவாட். அப்படியே படித்தால் கமுதி மூன்று மடங்கு பெரியது. ஆனால் நம் நாட்டுச் சூரிய மின்நிலையங்கள், இரவையும் மேகத்தையும் சேர்த்து ஆண்டு முழுவதும் கணக்கிட்டால், நிறுவுதிறனில் (முழுவீச்சில் தரக்கூடிய மெகாவாட்டில்) சுமார் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தருகின்றன. அந்தக் கணக்கில் 648 என்பது சராசரியாக 130 மெகாவாட். உலக அணு உலைகளின் சராசரி 80 விழுக்காட்டை ஒட்டியது. அந்த அளவுக்கு ஓடினால் 220 மெகாவாட் உலை தருவது 176. காற்றாலையும் அப்படித்தான், ஆரல்வாய்மொழியில் ஆடிக் காற்றில் அள்ளிக் கொடுக்கும், பருவம் முடிந்ததும் படுத்துவிடும்.

சூரியனையும் காற்றையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. 2024 கோடையில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியபோது எல்லாமே தேவைப்பட்டன. ஆனால் மே மாத இரவு பதினொரு மணிக்குச் சென்னையில் வீட்டுக்கு வீடு ஏசி ஓடும்போது கமுதியில் இருட்டு. அந்த நேரத்துக்கும் கரி எரிக்காமல் மின்சாரம் தருவதுதான் அணுமின் நிலையத்தின் தலையாய பயன். எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த சாம்பலைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அந்தப் பயனை ஒரே எண்ணில் காட்டும் அளவுகோலுக்கு நம்மிடம் இன்னும் பெயர் இல்லை.

அந்த எண் எப்படி உயர்கிறது என்பதையும் பார்க்கலாம். கல்பாக்கத்திலும் கர்நாடகத்தின் கைகாவிலும் உள்ள 220 மெகாவாட் கனநீர் உலையில் (சாதாரண நீருக்குப் பதில் கனநீரைப் பயன்படுத்தும் உலை) 306 குழாய்கள் படுக்கைவாட்டில் கிடக்கும். ஒவ்வொன்றிலும் அரை மீட்டர் நீள எரிபொருள் கட்டுகள் வரிசையாக 12. உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு குழாயின் இரு முனைகளையும் இரண்டு எந்திரங்கள் வந்து கவ்விக்கொள்ளும். ஒன்று புது எரிபொருள் கட்டுகளை உள்ளே தள்ளும். எதிர்முனையில் இருப்பது, எரிந்து தீர்ந்த கட்டுகளை வாங்கிக்கொள்ளும். எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தவே வேண்டாம். கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலைகள் வேறு வகை, அவற்றை இதற்காக நிறுத்தியே ஆகவேண்டும். கைகாவின் முதல் அலகு 2016 மே மாதத்திலிருந்து 2018 டிசம்பர் 31 வரை 962 நாள் நிற்காமல் ஓடி உலகச் சாதனை படைத்ததற்கு இந்த ஏற்பாடு பெரிய துணை. 2020இல் கனடாவின் டார்லிங்டன் உலை அதை முந்தியது. அதுவும் கனநீர் உலைதான்.

இனி சொல். ‘நூறு மூட்டை என்கிறார், எண்பதாவது தேறுமா?’ என்று மண்டியில் கேட்கிறோம். ‘செலவு போக என்ன தேறும்?’ என்று வீட்டில் கேட்கிறோம். இவ்வளவு என்று சொன்னதில் கைக்கு வந்தது எவ்வளவு என்ற பொருள் அந்த வினைக்குள் முழுசாக இருக்கிறது. ஆகவே என் முன்மொழிவு: தேறு விகிதம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. முக்காலத்துக்கும் பொருந்தும், சென்ற ஆண்டுக் கணக்குக்கும் வரும் ஆண்டு மதிப்பீட்டுக்கும் அதே சொல்.

> மாணவர்கள் ‘தேர்ச்சி விகிதம்’ என்று குழப்பிக்கொள்ள மாட்டார்களா?

குழப்பம் வந்தாலும் கேடில்லை. எழுதிய நூறு பேரில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதும் இதே மாதிரிக் கணக்குதான்.

> ‘தேறல்’ என்று சுருக்கலாமே? அல்லது ‘தேறு வீதம்’?

இரண்டும் வேண்டாம். சங்கப் பாடல்களில் தேறல் என்றால் தெளிந்த கள். ‘வீதம்’ இயற்பியலில் ஒரு நொடிக்கு, ஒரு மணிக்கு இவ்வளவு என்பதற்குப் பழகிவிட்டது. இது வெறும் விகிதம்.

மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர்கள் வாயில் பி.எல்.எஃப். (பிளான்ட் லோட் ஃபேக்டர்) என்றுதான் வரும். அவர்கள் சொல்வதும் இதே அளவைத்தான், அதற்குத் தனிச்சொல் தேவையில்லை. ஆனால் அவைலபிலிட்டி ஃபேக்டர் வேறு. உலை ஓடத் தயாராக இருந்த நேரம் எத்தனை பங்கு என்பது அது. அதற்கு ‘ஆயத்த விகிதம்’ என்று வைக்கலாம். உலை ஆண்டு முழுக்க ஆயத்தமாக இருந்து, பாதித் திறனிலேயே ஓடினால் ஆயத்த விகிதம் 100, தேறு விகிதம் 50. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் நிலையத்தின் உடல்நிலை புரியும்.

வகுக்கும் எண் எது என்பதை மட்டும் வரையறையில் விடவே கூடாது. கல்பாக்கம் உலைகள் 1990களில் உட்பகுதிப் பழுதால் 170 மெகாவாட்டுக்குக் குறைத்து ஓட்டப்பட்டன. குளிர்விப்புக் குழாய்களை மாற்றிய பிறகு, 2000களில்தான் 220க்குத் திரும்பின. 170ஐ ஆண்டு முழுதும் குறையாமல் தந்த உலைக்கு, 170ஆல் வகுத்தால் 100 விழுக்காடு, 220ஆல் வகுத்தால் 77. அணுமின்சாரம் நமக்கு வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன், அதனால்தான் இதை வற்புறுத்துகிறேன். எதனால் வகுத்தோம் என்று சொல்லாத எண்ணைக் காட்டி யாரையும் நம்பவைக்க நமக்கு உரிமை இல்லை.

பதிவுக்கான வரைவு:

தேறு விகிதம்: ஒரு மின்நிலையம் குறிப்பிட்ட காலத்தில் உண்மையில் தந்த மின்னாற்றலை, அதே காலம் முழுதும் நிறுவுதிறனில் ஓடியிருந்தால் தந்திருக்கக்கூடிய மின்னாற்றலால் வகுத்துக் கிடைப்பது. எ-டு: 220 மெகாவாட் உலை 8,760 மணி நேரம் முழுத்திறனில் ஓடினால் 192.72 கோடி யூனிட். தந்தது 154 கோடி எனில் தேறு விகிதம் ஏறத்தாழ 80 விழுக்காடு. எந்த நிறுவுதிறனைக் கொண்டு வகுத்தது என்பதையும் உடன் குறிக்க வேண்டும்.

‘தேறுவிகிதம்’ என்று சேர்த்து எழுதுவதா, பிரித்தா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். சேர்த்து எழுதுவது என் விருப்பம்.

அன்புடன்,
தாம்பரத்திலிருந்து