கனடா ஆட்டக்காரர்கள் ஐரோப்பாவில், நம்ம பசங்க பிரிட்டோரியாவில்: நாட்டு அணிக்கு எது லாபம்?

டர்பன் மெயில்:

வணக்கம். வீட்டுச் சண்டையைப் பொதுவில் கொண்டுவருகிறேன், யாராவது தீர்த்து வையுங்கள். அக்கா வீட்டுக்காரர் டொரான்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் கால்பந்து பேசுகிற இரண்டே பேர் நானும் அத்தானும்தான், அதனால் எப்போதும் முட்டிக்கொள்ளும். டிசம்பரில் 2026 உலகக் கோப்பைக் குலுக்கல் முடிந்த அன்றைக்கு இது ஆரம்பித்தது. நாம், அதாவது தென் ஆப்பிரிக்கா, ஏ பிரிவு, மெக்சிகோவும் தென் கொரியாவும் கூட. கனடா பி பிரிவு, சுவிட்சர்லாந்தும் கத்தாரும் கூட. இரண்டு பிரிவிலும் இரண்டாவதாக வருகிறவர்கள் அடுத்த சுற்றில் லாஸ் ஏஞ்சலஸில் மோதவேண்டும். அதாவது கணக்கு சரியாக விழுந்தால் பஃபானாவும் (நம்ம தென் ஆப்பிரிக்க அணி) கனடாவும் நேருக்கு நேர். அத்தான் அடுத்த நிமிஷமே எழுதிவிட்டார்: எங்களிடம் பேயர்ன், யுவென்டஸ், வில்லாரியல், உங்களிடம் சன்டவுன்ஸ், சன்டவுன்ஸ், சன்டவுன்ஸ்.

அவர்கள் ஆடுகிற கிளப்புகளைச் சொல்கிறார், சன்டவுன்ஸ் நம்ம பிரிட்டோரியா கிளப். சிரித்துவிட்டேன், ஆனாலும் சுருக்கென்றது. கேள்வி என்னவென்றால், ஒருவன் பெரிய கிளப்பில் இருப்பதாலேயே அவன் நாட்டு அணிக்கும் அவ்வளவு பெறுமதி ஆகிவிடுவானா? 2022 உலகக் கோப்பையில், கத்தாரில், கனடா மூன்று ஆட்டமும் தோற்றது. குரோஷியாவுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி 68ஆவது நொடியில் புகேனன் வலப்பக்கமிருந்து தூக்கிப்போட்ட பந்தை பேயர்ன் ஆட்டக்காரர் அல்ஃபோன்சோ டேவிஸ் தலையால் அடித்தார், உலகக் கோப்பையில் கனடா ஆண்களின் முதல் கோல், அப்புறம் வரிசையாக நாலு வாங்கினார்கள். கிட்டத்தட்ட அதே ஆட்கள் 2024 கோபா அமெரிக்காவில் அரையிறுதி வரை போய் நாலாவது இடம். அடுத்த வருடமே வட அமெரிக்க கோல்ட் கப்பில் குவாத்தமாலாவிடம் பெனால்டியில் தோற்று காலிறுதியோடு மூட்டை கட்டினார்கள். எதை நம்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அத்தானுக்கு ஒட்டி அனுப்பவேண்டும்.

மிட்ராண்ட் வாசி:

தம்பி, உங்கள் அத்தானிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 2022 ஜனவரி கடைசியில் டேவிஸ் எங்கே இருந்தார்? கோவிட் வந்த பிறகு இதயத் தசையில் வீக்கம் என்று பேயர்ன் அவரை ஓய்வில் வைத்திருந்தது. அந்த ஒரு வாரத்தில் கனடா ஹோண்டுராஸ், அமெரிக்கா, எல் சால்வடோர் மூன்று பேரையும் 2-0, 2-0, 2-0 என்று அடித்தது. மார்ச்சில் டொரான்டோவில் ஜமைக்காவை 4-0 வென்று 36 வருடத்துக்குப் பிறகு உலகக் கோப்பைக்குப் போனார்களே, அப்போதும் அவர் இல்லை. அணியின் ஆகப் பெரிய பெயர் இல்லாமலேயே வேலை முடிந்தது.

அதற்காக அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2021 அக்டோபரில் பனாமாவுக்கு எதிராக அவர் போட்ட கோலை நான் பார்த்தேன், இங்கே விடிகாலை மூன்று மணி இருக்கும், பக்கத்தில் மனைவி தூங்குகிறாள், ஃபோனில் சத்தமில்லாமல். ஆட்டம் 1-1. பந்து ஓரக்கோட்டைத் தாண்டி வெளியே போகப்போகிறது, பனாமா டிஃபென்டர் அது போகட்டும் என்று கூடவே சாவகாசமாக ஓடுகிறார், பின்னால் எங்கிருந்தோ டேவிஸ் வந்து கோட்டின் மேலேயே அதைப் பிடித்துவிட்டார், அந்த ஆளுக்கு என்ன நடந்தது என்று புரிவதற்குள் உள்ளே வெட்டி இன்னொருவரையும் ஏமாற்றி கோல். 4-1இல் முடிந்தது. (நான் பணம் கட்டி வைத்திருந்த ஆப் சரியாக அந்த இடத்தில் சுற்ற ஆரம்பித்தது, கோலை நான் நாலு நிமிஷம் கழித்துத்தான் முழுசாகப் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.) அந்த வேகம் பேயர்ன் கொடுத்தது இல்லை, அது அவர் காலில் இருக்கிறது. ஆனால் அந்த நிதானம், கோல் முன்னால் வந்ததும் அவசரப்படாமல் இருந்தது, அதை வாராவாரம் பெரிய ஆட்டத்தில் ஆடினால்தான் கற்றுக்கொள்ளமுடியும்.

நம்ம பக்கம் வாருங்கள். 2024 ஜனவரி 30, ஆப்பிரிக்கக் கோப்பை, எதிரே மொரோக்கோ. ஒரு வருடம் முன்னால் உலகக் கோப்பை அரையிறுதி ஆடிய அணி, ஹக்கிமி உட்பட பாதிக்கு மேல் ஐரோப்பா. நாம் 2-0. ஒரு கோல் உள்ளூர்க் கிளப் பைரட்ஸ் பையன் மக்கோப்பா, இன்னொன்று கடைசி நேரத்தில் சன்டவுன்ஸின் மொக்கோயெனா ஃப்ரீ கிக். அடுத்த ஆட்டத்தில் கோல்கீப்பர் வில்லியம்ஸ் நாலு பெனால்டி பிடித்தார், அவரும் சன்டவுன்ஸ். பயிற்சியாளர் ஹ்யூகோ ப்ரூஸ் செய்ததெல்லாம், ஒன்றாகத் தினமும் ஆடுகிற பத்துப் பேரை அப்படியே தூக்கிப் போட்டதுதான். கண்ணை மூடிக்கொண்டு பாஸ் கொடுப்பார்கள். மியூனிக்கிலிருந்தும் டூரினிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் வந்து மூன்று நாள் சேர்ந்து பயிற்சி எடுப்பவர்களுக்கு அது கிடைக்காது.

கேப் டவுன் ஈழத்தான்:

மிட்ராண்ட் அண்ணை, மொரோக்கோவை வென்ற ஒரு நாளைக் காட்டி நெடுக ஓட்டமுடியாது. அந்த ஆட்டத்தில் ஹக்கிமி பெனால்டியை பாரில் அடித்தார், அது உள்ளே போயிருந்தால் இன்றைக்கு நீங்கள் வேறு கதை சொல்லியிருப்பீர்கள்.

எனக்கு டொரான்டோவில் பாதிச் சொந்தம், அதனால் பக்கச் சார்பு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடாக்காரர் ஏன் வெளியே போனார்கள் என்று பாருங்கள். உள்ளே ஒன்றும் இருக்கவில்லை! 1986இல் உலகக் கோப்பைக்குப் போனபோது வட அமெரிக்க லீக் மூடி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது, பலர் கூரைக்குக் கீழே, சுவர் அடைத்த சின்ன மைதானத்தில் ஆடிப் பிழைத்தவர்கள். மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. கனடாவுக்கென்று சொந்த பிரீமியர் லீக் 2019இல்தான் வந்தது, டொரான்டோ எஃப்சியே 2007இல் வந்ததுதான். அத்தீபா ஹட்சின்சன் பிராம்ப்டனிலிருந்து கிளம்பி ஸ்வீடன், கோபன்ஹேகன், பிஎஸ்வி, பெஷிக்டாஷ் என்று இருபது வருடம் ஊர் ஊராய் அலைந்தார், அத்தனை வருடமும் கூப்பிட்டபோதெல்லாம் கடல் தாண்டி வந்து ஆடினார், பெரும்பாலும் தோற்றார். கத்தாரில் 39 வயதில் கேப்டன். 100 ஆட்டத்தைத் தொட்ட முதல் கனடா ஆண் அவர்தான். அவரைப் பார்த்துத்தான் அடுத்த பொடியன்களுக்கு ஐரோப்பா போகலாம் என்ற எண்ணமே வந்தது. அந்தப் பெறுமதியை எந்த ஸ்கோரில் எழுதுவீர்கள்?

ஜொனதன் டேவிட்டைப் பாருங்கள். ஒட்டாவாவில் சின்ன கிளப்பில் இருந்தவர், எம்எல்எஸ் (அமெரிக்க லீக்) பக்கமே போகவில்லை, நேரே பெல்ஜியம் கென்ட். பிறகு லில், 2021இல் பிரெஞ்சு லீக் பட்டம், அங்கே 109 கோல். இன்றைக்கு கனடாவுக்கு அதிக கோல் போட்டவர் அவர்தான். உள்ளூரில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

மிட்ராண்ட் வாசி:

ஈழத்தான், 2012 ஞாபகம் இருக்கிறதா? ஹோண்டுராஸில் 8-1. அன்றைக்கு ஆடியவர்களிலும் ஐரோப்பாவில் இருந்தவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். டேவிட் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரே லில்லில் இருந்தவரை நாட்டுக்குக் கோல் மழை, யுவென்டஸ் போன முதல் சில மாதங்கள் பாதி நாள் பெஞ்ச். பெரிய கிளப்பில் உட்கார்ந்திருப்பவனைவிட நடுத்தரக் கிளப்பில் 90 நிமிஷம் ஓடுகிறவன் மேல். நான் பயிற்சியாளராக இருந்தால் கிளப் பெயரைப் பார்க்கமாட்டேன், போன மாதம் எத்தனை நிமிஷம் ஆடினான் என்றுதான் பார்ப்பேன்.

பழைய சாட்ஸ்வர்த்:

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், தமிழ் எழுதுவது ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எல்லாரும் வெளிநாட்டு ஆட்டக்காரர் நாட்டு அணிக்கு எவ்வளவு என்று பேசுகிறீர்கள். எங்கள் காலத்தில் ஆட்டக்காரர் வெளிநாட்டில் இருந்தார், நாட்டு அணி என்பதுதான் இல்லை. ஸ்டீவ் மொக்கோனே இங்கே டர்பனில் புஷ் பக்ஸுக்கு ஆடியவர், 1950களில் இங்கிலாந்து போய், பிறகு ஹாலந்தில் ஹெராக்ளிஸ். ஆல்பர்ட் ஜோஹனசன் லீட்ஸுக்காக 1965இல் எஃப்ஏ கோப்பை இறுதியாட்டம் ஆடினார், அதில் ஆடிய முதல் கறுப்பர். இரண்டு பேருக்கும் தென் ஆப்பிரிக்கச் சட்டை கிடைக்கவே இல்லை. வெள்ளையருக்கு மட்டும் அணி. ஃபிஃபா 1976இல் வெளியே தள்ளியது, 1992இல்தான் திரும்பச் சேர்த்தது. அப்பா என்னைக் கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்துக்குத் தோளில் வைத்துக் கூட்டிப்போவார், இந்தியர், கறுப்பர், கலப்பினத்தவர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பார்கள், அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் "இவன் மட்டும் லண்டனில் பிறந்திருந்தால்" என்று சொல்லாத சனிக்கிழமை கிடையாது.

அதனால் எனக்கு கனடா விஷயத்தில் வேறு ஒன்றுதான் கண்ணில் படுகிறது. ஓவன் ஹார்கிரீவ்ஸ் கால்கரியில் பிறந்தவர், பேயர்னில் வளர்ந்தார், இங்கிலாந்துக்கு ஆடினார். டி குஸ்மான் அண்ணன் தம்பி இரண்டு பேர், அண்ணன் கனடாவுக்கு, தம்பி ஹாலந்துக்கு. பெகோவிச் கனடா இளையோர் அணியில் இருந்துவிட்டு போஸ்னியா போனார். வெளிநாட்டில் ஆட்டக்காரர் இருந்தும் நாட்டுக்கு ஒன்றும் வராத காலம் அது. இப்போது பாருங்கள், எஸ்டாக்கியோ ஒன்டாரியோவில் பிறந்து போர்ச்சுகலில் வளர்ந்து அவர்கள் 21 வயதுக்குட்பட்ட அணியிலும் ஆடிவிட்டு, கனடாதான் என்று வந்தார். டேவிஸ் கானாவில் அகதி முகாமில் பிறந்தவர், எட்மன்டனில் வளர்ந்தவர், வான்கூவர் கிளப்பில் ஆடித்தான் மியூனிக் போனார். பையன் எங்கே ஆடுகிறான் என்பதைவிட அவனுக்கு எந்தச் சட்டை போட ஆசை என்பதுதான் மாறியிருக்கிறது.

எங்கள் சாட்ஸ்வர்த் மேனிங் ரேஞ்சர்ஸ் 1997இல் பிஎஸ்எல்லின் (நம்ம நாட்டு லீக்) முதல் பட்டத்தையே தூக்கியது, பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைக்கிறேன். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் என் பேரன் எந்த ரக்பி அணி என்று கேட்கிறான்.

கோல் போஸ்ட் அக்கா:

ஆண்கள் பற்றி மட்டும் ஐந்து பதிவு ஆகிவிட்டது, அதனால் நுழைகிறேன். கனடாவின் பெண்கள் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்களே, அந்த நாட்டில் அப்போது பெண்களுக்கு ஒரு தொழில்முறை லீக்கூட கிடையாது. நார்தர்ன் சூப்பர் லீக் 2025 ஏப்ரலில்தான் தொடங்கியது. கதீஷா புகேனன் லியோனில் ஐந்து சாம்பியன்ஸ் லீக், ஆஷ்லி லாரன்ஸ் பாரிஸ், ஜெஸ்ஸி ஃப்ளெமிங் செல்சி. ஃப்ளெமிங் இறுதியாட்டத்தில் பெனால்டி போட்டு ஸ்வீடனைச் சமன் செய்தார். ஆனால் கடைசி உதை, தங்கத்தை உறுதி செய்த உதை, ஜூலியா க்ரோஸோவுடையது, அவர் அப்போது டெக்சஸில் கல்லூரி மாணவி! மிட்ராண்ட் அண்ணாவும் ஈழத்தானும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. காயம். 2025 மார்ச்சில் அமெரிக்காவுக்கு எதிரான மூன்றாம் இட ஆட்டத்தில் டேவிஸுக்கு முழங்கால் லிகமென்ட் கிழிந்தது, பன்னிரண்டாவது நிமிஷமே வெளியே. அந்தக் காலோடு அவரை அட்லாண்டிக் தாண்டி விமானத்தில் ஏற்றினார்கள் என்று பேயர்ன் கொதித்தது, கனடா சங்கம் மறுத்தது, மாதக்கணக்கில் ஓடிய சண்டை. டிசம்பரில்தான் திரும்ப ஆட வந்தார். ஃபிஃபா இப்படிக் காயமானால் கிளப்புக்கு ஓர் ஆளுக்கு 75 லட்சம் யூரோ வரை ஈடு கொடுக்கிறது, நாட்டு அணிக்கு யார் ஈடு கொடுப்பது? டர்பன் மெயில் கேட்டாரே குவாத்தமாலா எப்படி என்று, அந்த கோல்ட் கப்பில் டேவிஸ் இல்லை. அதே வருடம் செப்டம்பரில் டேவிஸ் இல்லாமலேயே ருமேனியாவை 3-0, வேல்ஸை அவர்கள் ஊரிலேயே 1-0. வேல்ஸில் கோல் போட்டது கொர்னீலியஸ், ஃப்ரீ கிக். ஒருத்தரை நம்பி நிற்கிற அணியா இல்லையா என்று அவர்களுக்கே இன்னும் குழப்பம் என்றுதான் நினைக்கிறேன்.

நாமும் பெனி மக்கார்த்தி கதை தெரிந்தவர்கள்தானே. போர்ட்டோவோடு 2004இல் சாம்பியன்ஸ் லீக், பஃபானாவுக்கு 31 கோல், அதை இன்னும் யாரும் தாண்டவில்லை. 2010இல் உலகக் கோப்பை நம் வீட்டு வாசலில் நடந்தபோது அணியில் அவர் பெயர் இல்லை. மெக்சிகோவுக்கு எதிராக முதல் கோல் போட்டது கைசர் சீஃப்ஸில் ஆடிக்கொண்டிருந்த சபலாலா.

டர்பன் மெயில்:

எல்லாருக்கும் நன்றி, முக்கியமாகப் பழைய சாட்ஸ்வர்த் ஐயாவுக்கு. உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அம்மாவின் சித்தப்பாவும் கர்ரீஸ் ஃபவுண்டனே கதி என்று கிடந்தவராம், எனக்கு இத்தனை நாள் தெரியாது.

அத்தானுக்கு மிட்ராண்ட் அண்ணா சொன்ன 2022 ஜனவரி கணக்கை அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, அரை நாள் பதில் இல்லை. அப்புறம் டேவிட்டின் 109 கோலைப் போட்டார், அது ஈழத்தான் சொன்னதேதான், இங்கேதான் எங்கேயோ ஒளிந்து படிக்கிறாரோ என்று சந்தேகம். கடைசியில் பந்தயம் வைத்திருக்கிறோம். ஜூன் 11 நமக்கு மெக்சிகோ, 2010இல் ஆடிய அதே தேதி, அதே எதிராளி, அதே தொடக்க ஆட்டம். மறுநாள் டொரான்டோவில் கனடா. இரண்டு அணியும் இரண்டாவதாக வந்து ஜூன் 28 ஞாயிற்றுக்கிழமை லாஸ் ஏஞ்சலஸில் மோதினால், தோற்றவர் ஜெயித்தவர் நாட்டுச் சட்டையைப் போட்டு ஒரு வாரம் வாட்ஸ்அப் படமாக வைக்கவேண்டும். அக்கா மட்டும் தனியாக எனக்கு எழுதினாள்: யார் தோற்றாலும் பரவாயில்லை, அந்த மஞ்சள் சட்டை எக்ஸ்எல் அளவில் கிடைக்குமா என்று இப்போதே விசாரித்து வை, இவருக்கு வயிறு போட்டுவிட்டது.