போனில் மட்டும் வைஃபை இழுக்கிறது, அவசர உதவி

ஒற்றைப்பனை:
வணக்கம். வீட்டு வைஃபை போனில் மட்டும் படு மெதுவாக இருக்கிறது. லேப்டாப்பில் 23 வருகிறது, போனில் 2.5க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டேன், போனையும் அணைத்துப் போட்டேன், வைஃபையை நீக்கிவிட்டு மறுபடி கடவுச்சொல் கொடுத்தும் பார்த்துவிட்டேன். ஒன்றும் மாறவில்லை. நாளைக் காலையில் போனிலிருந்து ஒரு வீடியோ நேர்காணல் இருக்கிறது. என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மின்மினி77:
டிஎன்எஸ்ஸை, அதாவது தளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் சேவையை, மாற்றுங்கள் சகோ. போன் அமைப்பில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 போடுங்கள். எனக்கு இதேபோல் இருந்தது, மாற்றியதும் பக்கங்கள் சட்டென்று திறக்க ஆரம்பித்துவிட்டன.

தும்பி:
சில விவரங்கள் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது. 23, 2.5 என்றால் எம்பிபிஎஸ்ஸா, அதாவது நொடிக்கு இத்தனை மெகாபிட்டா, இல்லை நொடிக்கு இத்தனை மெகாபைட்டா? ஆண்ட்ராய்டா, ஐபோனா? ரவுட்டருக்கும் உங்களுக்கும் நடுவே எத்தனை சுவர்? வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் போன் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறதா, 5இல் இருக்கிறதா? லேப்டாப்பும் வைஃபையில்தானா? விபிஎன் எதுவும் ஓடுகிறதா?

பழுதுபார்ப்போன்:
இந்தக் கேள்வி மாதத்துக்குப் பத்து முறை வருகிறது. பிட்டுக்கும் பைட்டுக்கும் வேறுபாடு தெரியாமல் வெறும் எண்ணைப் போட்டுவிட்டு அவசரம் என்கிறார்கள். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி. உங்கள் போன் 2.4இல் உட்கார்ந்திருக்கிறது. ரவுட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, போனை 5இல் சேர்த்தால் முடிந்தது. இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

நிழல்:
எனக்குச் சேனல் நெரிசல், அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் சிறு பாதைகளில் நெரிசல், என்றுதான் படுகிறது. 2.4இல் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதற்குள்தான் முட்டிக்கொள்கின்றன. ப்ளூடூத்தும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில்தான் இயங்குகிறது. வைஃபை ஸ்கேன் செய்யும் செயலி ஒன்றைப் போட்டு எந்தச் சேனல் காலியாக இருக்கிறது என்று பாருங்கள்.

ஒற்றைப்பனை:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். பதிவிறக்கும்போது நொடிக்கு இத்தனை எம்பி என்று காட்டுமே, அந்த எண்தான். ஆண்ட்ராய்டு போன். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்துதான் சோதிக்கிறேன். விபிஎன் இல்லை. டிஎன்எஸ் மாற்றினேன், அதே 2.5தான். எங்கள் இணைப்பு 200 எம்பிபிஎஸ்.

தும்பி:
அப்படியென்றால் கணக்கு தெளிவாகிறது. 200 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 25 மெகாபைட். லேப்டாப்புக்கு 23 வருகிறது, எனவே இணைப்பில் குறை இல்லை. போனுக்கு வருவது 2.5 மெகாபைட், அதாவது 20 எம்பிபிஎஸ். ஒரே அறையில் இருந்துகொண்டு 20 என்றால் சுவரோ தூரமோ காரணம் இல்லை. லேப்டாப் வைஃபையா, கேபிளா என்பதை இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

மின்மினி77:
ஆண்ட்ராய்டில் தனிப்பட்ட டிஎன்எஸ் என்று இன்னோர் இடமும் இருக்கிறது, அதையும் மாற்றிப் பாருங்கள்.

தும்பி:
மின்மினி, டிஎன்எஸ் என்பது முகவரியைத் தேடித் தரும் வேலை மட்டும்தான். பக்கம் திறக்கத் தொடங்கும் நேரம் அதனால் குறையலாம். பதிவிறக்கம் தொடங்கிய பிறகு ஓடும் வேகத்தில் அதற்குப் பெரிய பங்கில்லை. உங்களுக்குப் பலன் கிடைத்தது உண்மைதான், ஆனால் இவருடைய நோய் வேறு.

செம்பருத்தி:
பழுதுபார்ப்போன் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. பெயரைப் பிரித்து வைத்தால் அடுத்த அறைக்குப் போனதும் 5 பலவீனமாகிவிடும், ஆனாலும் போன் அதையே பிடித்துக்கொண்டு தொங்கும். ஒரே பெயர் இருந்தால் ரவுட்டரும் போனும் பேசி நல்லதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். புது ரவுட்டர்களில் அதற்கென்றே வசதி இருக்கிறது.

பழுதுபார்ப்போன்:
பேசித் தேர்ந்தெடுப்பது எல்லாம் விளம்பரத் தாளில்தான் அம்மா. எந்த அலைவரிசைக்குப் போவது என்று கடைசியில் முடிவு செய்வது போன்தான், ரவுட்டர் பரிந்துரைக்க மட்டுமே முடியும். 2.4 சுவரைத் தாண்டி நன்றாகப் போகும், சிக்னல் கோடுகள் நிறையக் காட்டும், அதைப் பார்த்து எத்தனையோ போன்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. பல வருடமாக எத்தனை வீட்டில் இதைச் சரிசெய்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். பிரித்து வைப்பதுதான் முறை.

செம்பருத்தி:
வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். "இந்த அறைக்கு இந்தப் பெயர், அந்த அறைக்கு அந்தப் பெயர்" என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொண்டிருப்பது? எங்கள் வீட்டில் பிரித்து வைத்து ஒரு வாரம் பட்ட பாடு போதும். மறுபடி ஒன்றாக்கியதும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

நிழல்:
2.4 மட்டுமே தெரிந்த ஸ்மார்ட் பல்பு, பிளக் மாதிரியான பொருள்களைச் சேர்க்கும்போது தனிப்பெயர் உதவும். எனக்கு அப்படித்தான் பல்பு சேர்ந்தது. அந்த ஒரு காரணத்துக்காக நான் பிரிக்கிற கட்சி.

ஒற்றைப்பனை:
லேப்டாப் கேபிளில்தான் இருக்கிறது, மேசையிலேயே ரவுட்டர். அது முக்கியம் என்று தோன்றவில்லை. போனில் பார்த்தேன், 5 கிகாஹெர்ட்ஸ் என்றுதான் போட்டிருக்கிறது.

பழுதுபார்ப்போன்:
சரியாகப் பாருங்கள். 5இல் இருந்துகொண்டு 20 எம்பிபிஎஸ் வர வாய்ப்பே இல்லை. அப்படி வந்தால் போனின் ஆன்டெனா போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

தும்பி:
கேபிள் என்பதுதான் இங்கே பெரிய சேதி. இதுவரை நாம் ஒப்பிட்டது லேப்டாப்பையும் போனையும் அல்ல, கேபிளையும் வைஃபையையும்தான். குறை போனில் இல்லாமல், ரவுட்டரின் வைஃபை பக்கத்தில் இருக்கலாம். இரண்டு காரியம் செய்யுங்கள். லேப்டாப்பில் கேபிளைப் பிடுங்கிவிட்டு வைஃபையில் அதே கோப்பை இறக்கிப் பாருங்கள். போனில் வைஃபை அமைப்புக்குள் போய், இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் விவரம் வரும். அதில் இணைப்பு வேகம் என்ன, பாதுகாப்பு என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது, இரண்டையும் அப்படியே எழுதுங்கள்.

ஒற்றைப்பனை:
லேப்டாப்பிலும் வைஃபையில் 2.6தான் வருகிறது! போனில் இணைப்பு வேகம் 54 எம்பிபிஎஸ், சிக்னல் மிக நன்று, பாதுகாப்பு டபிள்யூபிஏ.

தும்பி:
பிடித்துவிட்டோம் என்று நினைக்கிறேன். 54 என்ற அந்த எண்ணைப் பாருங்கள். 1999இல் வந்த 802.11ஏ, 2003இல் வந்த 802.11ஜி, இந்த இரண்டு பழைய வைஃபை தரநிலைகளுக்கும் உச்ச வேகம் அதுதான். நடைமுறையில் அதில் பாதிகூடத் தேறாது, 20 முதல் 25 வரை கிடைக்கும். உங்களுக்குக் கிடைப்பதும் அதுவே.

புது ரவுட்டர், புது போன் ஏன் அந்தக் காலத்து வேகத்தில் பேச வேண்டும்? உங்கள் ரவுட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ, குறியாக்கம் டிகேஐபி என்று இருக்கும். டிகேஐபி என்பது டபிள்யூஇபி என்ற பழைய பாதுகாப்பு முறை உடைக்கப்பட்டபோது, அன்றைக்கு இருந்த கருவிகளைத் தூக்கிப் போடாமல் காப்பாற்றக் கொண்டுவந்த இடைக்கால ஏற்பாடு. 2009இல் 802.11என் வந்தபோது, அதன் வேகங்களை டிகேஐபியோடு சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது என்று விதியே வைத்துவிட்டார்கள். அதனால் டிகேஐபி இருந்தால் கருவிகள் தாமாகவே 54க்கு இறங்கிவிடும். 5 கிகாஹெர்ட்ஸாக இருந்தாலும் இதே கதைதான்.

ரவுட்டரின் வயர்லெஸ் பாதுகாப்புப் பக்கத்தில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2, குறியாக்கம் ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருக்கலாம். அங்கே ஏற்கெனவே ஏஇஎஸ்தான் இருக்கிறது என்றால் எந்தத் தரவுக்கு முன்னுரிமை என்று பிரிக்கும் டபிள்யூஎம்எம் என்ற வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை அணைத்தாலும் இதே 54தான் வரும்.

பழுதுபார்ப்போன்:
டிகேஐபி எல்லாம் இந்தக் காலத்தில் யார் வைத்திருக்கிறார்கள்? ஆன்டெனா கோளாறையும் தள்ளிவிட முடியாது.

தும்பி:
ஆன்டெனா போயிருந்தால் சிக்னல் மிக நன்று என்று காட்டாது, எண்ணும் இடத்துக்கு இடம் அலையும். இங்கே போனும் லேப்டாப்பும் ஒரே சுவரில் முட்டி நிற்கின்றன. இரண்டிலும் ஒரே நாளில் ஆன்டெனா போகாது ஐயா.

செம்பருத்தி:
ஒற்றைப்பனை, நாளைக் காலையில் நேர்காணல் என்றால் இன்றிரவு ரவுட்டரில் கை வைக்காதீர்கள். பாதுகாப்பு முறையை மாற்றினால் எல்லாக் கருவியும் ஒருமுறை துண்டிக்கப்படும், சிலவற்றைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கும். வீடியோ அழைப்புக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம், உங்களுக்கு 20 இருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் பெரிய கோப்பு இறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து பேசுங்கள். நல்லபடியாக முடியட்டும்.

தும்பி:
செம்பருத்தி சொல்வது மிகச் சரி. எனக்கு அது தோன்றவே இல்லை. நேர்காணல் முடிந்த பிறகு மாற்றுங்கள்.

நிழல்:
எனக்கும் ஒரு தெளிவு வேண்டும். பட்டியலில் டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2 கலந்தது என்று ஒன்று இருக்குமே, அதை வைத்தால் போதாதா?

தும்பி:
கலந்ததில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் தெரிந்த கருவிகளுக்குப் பெரும்பாலும் முழு வேகம் கிடைத்துவிடும். ஆனாலும் பழைய முறைக்காகக் கதவு திறந்தே இருக்கும். 2012இலேயே தரநிலையில் டிகேஐபியை விலக்கத்தக்கது என்று எழுதிவிட்டார்கள். தேவையில்லாமல் ஏன் வைத்திருக்க வேண்டும்? ரவுட்டரும் கருவிகளும் ஏற்றால் டபிள்யூபிஏ3 இன்னும் நல்லது, 2018இல் வந்தது.

பழுதுபார்ப்போன்:
எப்படி இருந்தாலும் பெயரைப் பிரித்து வைக்கச் சொன்னது சொன்னதுதான்.

செம்பருத்தி:
அதில் நானும் மாறப்போவதில்லை.

ஒற்றைப்பனை:
நேர்காணல் நன்றாக முடிந்தது, ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை. பிறகு ரவுட்டரைத் திறந்து பார்த்தேன், டிகேஐபியேதான். பழைய பிரிண்டர் ஒன்று இணையவில்லை என்று எப்போதோ நானே மாற்றியது, மறந்தே போய்விட்டது. ஏஇஎஸ் ஆக்கினேன். இணைப்பு வேகம் 433 காட்டுகிறது, பதிவிறக்கம் 22க்கு மேல் வருகிறது. எல்லோருக்கும் நன்றி, தும்பிக்கு மிகவும்.

மின்மினி77:
மகிழ்ச்சி சகோ. டிஎன்எஸ்ஸைத் திருப்பி மாற்ற வேண்டாம், இருக்கட்டும்.

செம்பருத்தி:
பிரிண்டர் இப்போது இணைகிறதா? ஏஇஎஸ் தெரியாத பழைய பிரிண்டர் என்றால் கேபிள் வழியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பார்த்துச் சொல்லுங்கள், என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது.

புதுவரவு:
இதைப் படித்துவிட்டு என் போனில் பார்த்தேன். எனக்கு 65 என்று காட்டுகிறது, சில நேரம் 72. பாதுகாப்பு டபிள்யூபிஏ2தான். எனக்கும் இதே பிரச்சினையா?

தும்பி:
இல்லை, உங்களுடையது வேறு. 65, 72 இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒற்றை ஆன்டெனா, 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில் 802.11என் தருகிற உச்சம். உங்கள் போன் 5ஐப் பிடிக்கவில்லை, அல்லது போனுக்கு 5 தெரியாது. தனி இழை தொடங்கி, போன் எது, ரவுட்டர் எது, எத்தனை சுவர் என்று எல்லாம் எழுதுங்கள். லேப்டாப்போடு ஒப்பிடுவதாக இருந்தால் அது கேபிளா வைஃபையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

செம்பருத்தி:
ஒற்றைப்பனை, பிரிண்டர்?