விலக்கு வந்த பிறகும் எச்ஐவி சிகிச்சை மையங்கள் ஏன் திறக்கவில்லை?

கேள்வி: 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தியது. சில நாளிலேயே உயிர்காக்கும் மருந்துகளுக்கு விலக்கு தந்தார்களே, பிறகும் ஆப்பிரிக்காவில் பல மையங்கள் பூட்டிக் கிடந்தது எதனால்?

பதில் 1: அறிவிப்பு வேறு, பணம் வேறு. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனியே எழுத்துமூல அனுமதி வேண்டியிருந்தது. அதைத் தரவேண்டிய யுஎஸ்எய்டு (அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமை) ஊழியர்களே கட்டாய விடுப்பில் இருந்தார்கள். பணம் பட்டுவாடா செய்யும் கணினி அமைப்பும் முடங்கியிருந்தது. அலமாரியில் மாத்திரை இருந்தது, எடுத்துத் தரும் பணியாளர்கள் சம்பளமின்றிப் போய்விட்டார்கள். விலக்கும் அரைகுறைதான்: தொற்றுத் தடுப்பு மாத்திரை கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மட்டும். அதிக ஆபத்தில் உள்ள மற்றவர்களைக் கைவிட்டது பெருந்தவறு.

பதில் 2: இப்படி நேர்ந்தால் முதல் வேலை, கையிருப்பைச் சராசரி மாதத் தேவையால் வகுத்துப் பார்ப்பது. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் ஒருவருக்கு 90 அல்லது 180 மாத்திரை சேர்த்தே கொடுத்துவிடலாம். குறைவாக இருந்தால் 30 போதும். இல்லையென்றால் பின்னால் வருபவர் வெறுங்கையோடு திரும்புவார். நோயாளர் பட்டியலையும் அடுத்த வருகைத் தேதியையும் உடனே காகிதத்தில் எழுதி வையுங்கள். தரவுத்தளம் வெளியார் சர்வரில் இருந்தால் அதுவும் நின்றுபோகும்.

பதில் 3: மாத்திரை நின்றால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வைரஸ் மீண்டும் பெருகும். திரும்பி வருபவரைத் திட்டாமல் சிகிச்சையை மறுபடி தொடங்கி, சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) பாருங்கள். மூன்று மாதம் கழித்து வைரஸ் அளவு. ரத்த மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிளுக்கு யார் பணம் தருவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.