பொன்னுருவி பாட்டின் மிச்ச அடிகள்

கடலூர், பண்ருட்டி, பாகூர் வட்டாரங்களில் தெருக்கூத்து ஆடும் ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், நான் 26 ஆண்டுகளாகப் பெண் வேடம் கட்டி வருகிறேன். திரௌபதி, சுபத்திரை, குந்தி, கர்ணன் மனைவி பொன்னுருவி ஆகிய வேடங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. ஊர் ஊராகப் போய் இரவெல்லாம் ஆடிப் பாடுகிறவனுக்கு மறக்க முடியாத சந்திப்புகள் எத்தனையோ உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். அது நடந்த பிறகுதான், நேரத்துக்காகப் பாட்டைச் சுருக்குவதைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் மாறியது.

எங்கள் பிழைப்பு எப்படி நடக்கிறது என்பதை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துச் சொல்லுவார். அவர் சொன்ன பகுதியை இரவில் நாங்கள் ஆடுவோம். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், சூது துகில், அருச்சுனன் தபசு என்று வரிசையாகப் போய், கடைசி நாள் காலையில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் பேருருவத்துக்கு முன்னால் பதினெட்டாம் போரை முடித்தால், மாலையில் தீமிதி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் ஆட்டம் கிடையாது. அப்போது எங்களில் பலர் முந்திரிக்கொட்டை உடைக்கவும் கரும்பு வெட்டவும் போய்விடுவார்கள். 2020ஆம் ஆண்டு பங்குனியில் ஊரடங்கு வந்தபோது, வெற்றிலை பாக்கு வைத்து வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர முடியாமல் நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

பருவம் பார்க்காமல் வரும் அழைப்பு ஒன்று உண்டென்றால் அது கருமாதிக் கூத்துத்தான். வட தமிழ்நாட்டில், இறந்தவருக்கான காரியத்தையொட்டிய இரவில் கர்ண மோட்சம் ஆடினால் அவருடைய ஆன்மா நற்கதி அடையும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. செய்த தருமத்தையெல்லாம் கிழப் பிராமணனாக வந்த கண்ணனுக்குத் தாரை வார்த்துவிட்டு உயிர் விடுகிறவனின் கதையை, ஒருவரை இழந்த வீட்டின் வாசலில் ஆடுவது திருவிழாவில் ஆடுவது போன்றதன்று. கைதட்டல் இருக்காது. குந்தி கர்ணனை மடியில் கிடத்திப் புலம்பும்போது வீட்டுக்குள்ளிருந்தும் அழுகுரல் எழும். எது வேடக்காரனின் குரல், எது வீட்டாரின் குரல் என்று பிரித்தறிய முடியாமல் ஆர்மோனியக்காரரே சில நேரம் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிடுவார்.

முறைப்படி ஆடினால் கர்ண மோட்சம் ஓர் இரவு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். பத்து மணியளவில் மேளதாளத்தோடு களரி கட்டி, கட்டியங்காரன் என்ற கோமாளி வந்து, துரியோதனனும் கர்ணனும் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி வெளிப்படுவதற்குள் நள்ளிரவாகும். அதன் பிறகு வருவது பொன்னுருவி பகுதி. தேரோட்டி மகனென்று கணவனை இகழ்ந்து தர்க்கம் செய்தவள், அவன் யாரென்று அறிந்த பின் உருகி, போர்க்களத்துக்கு வழியனுப்புகிற இடம் அது. என் வாத்தியார் இதை ஒன்றேகால் மணி நேரம் பாடுவார். இகழ்ச்சியிலிருந்து உருக்கத்துக்கு ஒரு பெண்ணின் மனம் திரும்ப வேண்டுமானால் அதற்குரிய நேரத்தைக் கேட்பவர்களின் உடம்பிலும் கழிய விட வேண்டும் என்பது அவர் சொல்லித் தந்தது.

இப்போது அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை இருக்கிறது. ஊரார் பேசி அனுமதி வாங்கினாலும் சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்ற சொல்லோடுதான் அது வருகிறது. நேரம் குறைந்தால் போரைக் குறைக்க முடியாது. கட்டியங்காரனின் பேச்சைக் குறைத்தால் கூட்டம் கலைந்துவிடும். ஆகவே கத்தி விழுவது பெண் வேடக்காரனின் பாட்டில்தான். நானும் பல ஆண்டுகள் அதற்கு உடன்பட்டேன். ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் விடிய விடியப் பாடுகிற தொண்டைக்கு ஓய்வு கிடைக்கிறதே என்று உள்ளூர மகிழ்ந்ததும் உண்டு. சுக்கும் மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பாலைத் தவிர வேறெதையும் ஆட்ட நாளில் குடிக்காமல் காத்து வைக்கிற குரல் அது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்தில், பண்ருட்டிக்கு மேற்கே முந்திரித் தோப்புகளுக்கு நடுவிலிருக்கும் ஒரு சிற்றூருக்குக் கருமாதிக் கூத்துக்குப் போனோம். இறந்தவர் மணிலா என்னும் நிலக்கடலை பயிரிட்டு வாழ்ந்த பெரியவர். இரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று மூத்த மகன் கேட்டுக்கொண்டதால், பொன்னுருவியின் தர்க்கத்தில் பாதியையும் வழியனுப்பும் பாட்டை முழுவதுமாகவும் விட்டுவிட்டு, வசனத்தாலேயே கர்ணனைக் களத்துக்கு அனுப்பி வைத்தேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. இரண்டு மணிக்குச் சற்று முன்பாகவே மங்களம் பாடி முடித்தோம். ஒலிபெருக்கிக்காரர் மைக்குகளைக் கழற்றிச் சுருட்டத் தொடங்கினார்.

வேடம் கலைக்க எங்களுக்கு மாட்டுக் கொட்டகையை ஒட்டிய ஓலைப் பந்தல் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். சவுரியை அவிழ்த்து வைத்துவிட்டு, முகத்தில் பூசியிருந்த முத்துவெள்ளை அரிதாரத்தைக் கரைக்கத் தேங்காய் எண்ணெயை முகத்தில் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் இடக் கன்னத்தைத் துடைத்து முடித்திருந்தேன். வலக் கன்னம் இன்னும் பொன்னுருவியாகவே இருந்தது. கர்ணன் வேடக்காரர் கல்யாணமுருங்கைக் கட்டையால் ஆன புஜங்கள் என்ற தோள் அணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் பொதிந்துகொண்டிருந்தார். அப்போது வீட்டின் பின்பக்கமாக, ஒரு பேத்தியின் தோளைப் பிடித்தபடி இறந்தவரின் மனைவியான அந்த அம்மா வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அன்று பகலில்தான் தாலி வாங்கியிருக்கிறார்கள். கழுத்து வெறுமையாக இருந்தது.

"தம்பி, பொன்னுருவி வழியனுப்புற பாட்டு எப்ப வந்துச்சி? உள்ளாற உக்காந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். நடுவுல நான் தூங்கிட்டனா?"

ஏன் பாடவில்லை என்று அவர் கேட்டிருந்தால் மகன் குறித்த நேரத்தைக் காரணம் காட்டியிருப்பேன். தான்தான் தூங்கிவிட்டோமோ என்று அவர் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "இல்லம்மா, நீங்க தூங்கல. நாங்கதான் பாடல" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து, கேட்க வந்த காரணத்தைச் சொன்னார். அவருடைய கணவர் சுற்றுவட்டாரத்தில் எங்கே கூத்து நடந்தாலும் சைக்கிளிலோ நடந்தோ போய்விடுவாராம். மாடும் பிள்ளைகளும் இருந்ததால் இந்த அம்மா ஒரு கூத்தைக்கூட முழுவதும் பார்த்ததில்லை. ஆனால் பொன்னுருவி பாட்டை மட்டும் மணிலாக்கொட்டை பிடுங்கும்போதும் கிணற்றடியிலும் கணவர் பாடக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருக்கிறது. கணவருக்குத் தெரிந்தது முதல் இரண்டு அடிகள்தான். மூன்றாவது அடி வந்ததும் சொல் இல்லாமல் இராகத்தை மட்டும் முனகுவார். அதற்கு மேல் என்ன என்று மனைவி கேட்டால், அடுத்த கூத்தில் கேட்டு வந்து சொல்கிறேன் என்பார். ஐம்பது ஆண்டுகள் இப்படியே போயிருக்கின்றன. இந்தக் கருமாதிக்குக் கர்ண மோட்சம்தான் வைக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் பிடிவாதமாகக் கேட்டவரும் இந்த அம்மாதான்.

நான் யாரையும் அழைக்கவில்லை. ஆனால் ஆர்மோனியக்காரர் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்த ஆர்மோனியத்தைத் தாமாகவே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முகவீணைக்காரர் வேனில் தூங்கிவிட்டிருந்தார். ஊர் அடங்கியிருந்த நேரமாதலால் ஐந்து கட்டையில் பாட முடியாது. இரண்டு கட்டைக்கு இறக்கி, மைக் இல்லாமல், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குக் கேட்கிற அளவில் பாடினேன். அந்தப் பாட்டை நான் அதுவரை தாழ்ந்த குரலில் பாடியதே இல்லை. மேல் கட்டையில் பாடும்போது அழுகையாக மட்டுமே வெளிப்பட்ட சொற்கள், கீழே இறங்கியதும் ஒரு வீட்டுக்குள் இருவர் பேசிக்கொள்ளும் பேச்சாக மாறிவிட்டன.

எங்கள் வாத்தியார் பாடத்தில் அந்தப் பாட்டுக்கு நான்கு அடிகள். முதல் இரண்டு அடிகளில் பொன்னுருவி கணவனைப் போக வேண்டாம் என்று மறிக்கிறாள். மூன்றாவது அடியில், பிறப்பைச் சொல்லி அவனைப் பழித்த நாட்களுக்காக மன்னிப்புக் கேட்கிறாள். நான்காவது அடியில் வெற்றிலை மடித்துக் கையில் கொடுத்து, போய் வாருங்கள் என்கிறாள். முதல் இரண்டு அடிகளுக்கு அந்த அம்மாவின் உதடுகளும் கூடவே அசைந்தன, மூன்றாவதில் நின்றுவிட்டன. பாடி முடித்ததும் பின்னிரண்டு அடிகளை மட்டும் மறுபடியும் கேட்டார். பாடினேன். மூன்றாம் முறை இராகம் இல்லாமல் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"வெத்தல மடிச்சிக் குடுத்தா அனுப்புறா?" என்று கேட்டுவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேத்தியை எழுப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என் வாத்தியார் எனக்கு முதல் வேடம் கட்டுவதற்கு முன்பு என்னைப் புதுச்சேரி கருவடிக்குப்பத்துக்கு அழைத்துப் போய், 1922இல் புதுவையில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதியில் விழுந்து கும்பிடச் சொன்னார். சுவாமிகளுடையது இசை நாடகம், நம்முடையது கூத்து, நாம் ஏன் இங்கே வர வேண்டும் என்று அன்று அவரிடம் கேட்டேன். பாட்டை நம்பிப் பிழைக்கிற எல்லாருக்கும் இவர் பெரியவர், அவ்வளவு தெரிந்தால் போதும் என்றார். பண்ருட்டியிலிருந்து வேனில் திரும்பிய அந்த விடியற்காலையில், வாத்தியார் வாய்வழியாகக் கொடுத்ததை என் தொண்டை நோவுக்காக நான் பாதியில் விட்டுவந்த இரவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.

அதன் பிறகு ஜமாவில் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். எத்தனை மணிக்குள் முடிக்கச் சொன்னாலும் வழியனுப்பும் பாட்டை நான்கு அடிகளோடும் பாடுகிறோம். நேரம் போதாவிட்டால் என்னுடைய வருகை ஆட்டத்தையும் துரியோதனன் கொலுவில் வருகிற இரண்டு பாட்டுகளையும் விட்டுவிடுகிறோம். துரியோதனன் வேடக்காரருக்கு இதில் இன்னும் வருத்தம் இருக்கிறது. அது நியாயமான வருத்தம்தான்.

பாகூர்ப் பக்கத்து ஜமாக்களில் இதே பாட்டை ஐந்து அடிகளாகப் பாடுவார்கள் என்றும், அந்த ஐந்தாவது அடி கர்ணன் சொல்லும் மறுமொழி என்றும் வாத்தியார் ஒருமுறை சொன்னார். அவர் அதைப் பாடிக் காட்டவில்லை. நானும் கேட்டு வாங்காமல் விட்டுவிட்டேன். அந்தப் பாடம் தெரிந்தவர்கள் அல்லது வீட்டுப் பெரியவர்கள் பாடக் கேட்டவர்கள் இருந்தால், அடியை அப்படியே இங்கே எழுதுங்கள். வருகிற மாசியில் அந்த ஊர் வழியாகத்தான் போகிறோம்.