மறு: ரேப்ச்சருக்குத் தமிழ்ல என்ன? ‘இரகசிய வருகை’ சரியா வருமா

எல்லாருக்கும் வணக்கம்,

நம்ம மொழிபெயர்ப்புக் குழுவுக்கு அக்கா போட்ட கிறிஸ்தவக் கடைசிக்காலச் சொற்பட்டியல நேத்து ராத்திரி உக்காந்து முழுசாப் படிச்சேன். அந்திக்கிறிஸ்து, மகா உபத்திரவம், நியாயத்தீர்ப்பு இதுக்கெல்லாம் ஏற்கனவே புழங்குற சொல்லு இருக்கு, அதுல நான் கைவைக்க வரல. கத்தோலிக்கர் எதிர்க்கிறிஸ்து, இறுதித் தீர்ப்புன்னு எழுதுவாங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுட்டா வேலை முடிஞ்சது. என்னை உறுத்துனது ஒரே ஒரு வரிதான், கிறிஸ்து திரும்ப வர்றப்ப விசுவாசிகள் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுறதச் சொல்ற ரேப்ச்சருக்கானது.

> ரேப்ச்சர் – இரகசிய வருகை

சபைல எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்கன்னு எனக்கும் தெரியும், நானும் அப்படிக் கேட்டு வளந்தவன்தான். ஆனா இது சொல்லுக்குச் சொல் இல்ல, ஒரு தரப்போட தீர்மானம். சொற்பட்டியல்ல இத மட்டும் போட்டோம்னா மத்த தரப்பு வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே அவங்க தோத்துப்போன மாதிரி ஆயிடும்.

முதல்ல அந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு பாப்போம். டிக்‌ஷனரில ரேப்ச்சர்னு தேடினா பேரானந்தம், பரவசம்னு வரும். ஒருத்தர் அத அப்படியே எடுத்து ‘மகா உபத்திரவத்துக்கு முன் பேரானந்தம்’னு எழுதி எனக்குத் திருத்த அனுப்பியிருந்தாரு, சிரிப்ப அடக்க முடியல, ஆனா அவரு மேல முழுத் தப்பும் இல்ல, ரெண்டு அர்த்தத்துக்கும் வேர் ஒண்ணுதான். 1 தெசலோனிக்கேயர் 4:17ல ‘ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டு’ன்னு வருதே, அங்க கிரேக்கத்துல ஹர்பாட்ஸோங்கிற வினை, பட்டுனு பறிச்சுத் தூக்கிட்டுப் போறது. லத்தீன்ல அத ரபியோங்கிற வினையால மொழிபெயர்த்தாங்க, அதோட வம்சத்துல வந்ததுதான் ரேப்ச்சர். ஆளத் தூக்கிட்டுப் போனாலும் ரேப்ச்சர், மனசத் தூக்கிட்டுப் போனாலும் ரேப்ச்சர்.

இப்ப கவனிங்க, அந்த வினை யாரப் பத்திப் பேசுது? விசுவாசிகளப் பத்தி. அவங்கதான் எடுத்துக்கொள்ளப்படுறாங்க. ‘இரகசிய வருகை’ல அவங்க எங்க? வருகைங்கிறது கிறிஸ்துவோட வருகை, இரகசியங்கிறது அந்த வருகை எப்படி இருக்கும்ங்கிறதப் பத்தின ஒரு விளக்கம். மகா உபத்திரவம்ங்கிற கடைசிக்காலக் கொடுந்துன்பத்துக்கு முன்னாடி சபை எடுக்கப்படும், ஏழு வருஷம் கழிச்சு பகிரங்க வருகை, இந்த வரிசை 1830கள்ல ஜான் நெல்சன் டார்பி மாதிரியானவங்க வழியா பரவுச்சு, 1909ல அதே கருத்துல அடிக்குறிப்புப் போட்ட ஸ்கோஃபீல்டு ரெஃபரன்ஸ் பைபிள் வந்தப்புறம் இன்னும் எங்கெங்கயோ போச்சு. அத நம்புறவங்க நம்பட்டும், அதுக்கு அவங்க வசனமும் வெச்சிருக்காங்க, வெளிப்படுத்தின விசேஷம் 3:10ல ‘சோதனைகாலத்திற்குத் தப்பும்படி நானும் உன்னைக் காப்பேன்’னு இருக்கு, யோவான் 14:3 இருக்கு. ஆனா உபத்திரவத்துக்கு அப்புறம்தான் எடுக்கப்படுவோம்னு சொல்றவங்களும் அதே 4:17ஐ நம்புறாங்க. வெளிப்படுத்தின விசேஷம் 20ல வர்ற கிறிஸ்துவோட ஆயிரம் வருஷ அரசாட்சிய உருவகமா எடுக்குறவங்களும் நம்புறாங்க. அவங்களுக்கு வருகை, உயிர்த்தெழுதல், எடுத்துக்கொள்ளப்படுதல் எல்லாம் ஒரே நாள் விஷயம். அவங்கள்ல ஒருத்தர் எழுதுன வாக்கியத்த அக்கா பட்டியல வெச்சு மொழிபெயர்த்தா ‘இரகசிய வருகை இரகசியமானதும் அல்ல, தனியான வருகையும் அல்ல’ன்னு வரும், படிக்கிறவன் தலையப் பிச்சுக்குவான்.

சரி, அப்ப என்ன வைக்கலாம்? ரெண்டு நாளா யோசிச்சதுல ஒவ்வொண்ணும் எங்க இடிக்குதுன்னு சொல்றேன். பறிப்பு – கிரேக்கத்துக்கு ரொம்பக் கிட்ட, ஆனா வழிப்பறி ஞாபகம்தான் வருது. கவர்வு – நம்ம இலக்கியத்துல கவர்றதுன்னாலே ஒண்ணு ஆநிரை கவர்தல், இல்லன்னா சீதைய இராவணன் கவர்ந்தது, மீட்கப் பின்னாடியே ஒரு படை வரும், அது இங்க ஆகாது. விண்ணேற்பு – கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அது ஏற்கனவே மரியாவின் விண்ணேற்புக்குப் போயிடுச்சு, 1950ல திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் விசுவாசக் கோட்பாடா அறிவிச்சது, கத்தோலிக்க நண்பர்கள் குழம்பிடுவாங்க. விண்ணேற்றமும் அப்படியே, அது இயேசு பரமேறுனதுக்கு. வானெடுப்பு – இதுல கொஞ்ச நேரம் மயங்கிக் கிடந்தேன், அப்புறம் சத்தமாச் சொல்லிப் பாத்தா படையெடுப்பு மாதிரியே கேக்குது, வானத்துலேருந்து எவனோ குண்டு போட வர்றான்னு தோணுது. எடுபாடு – செயப்பாட்டுக்குச் சரியான விகுதி, வெளிப்பாடு புறப்பாடு மாதிரி, ஆனா ‘பேச்சு எடுபடல’ன்னு சொல்ற ஊர்ல எடுபாடு எடுபடாது.

கடைசில சுத்திச் சுத்தி வசனத்துக்கே வந்து சேந்தேன். எடுத்துக்கொள்ளப்படுதல். நீளம்தான், பத்திரிகைத் தலைப்புல போட முடியாது, ஆனா பழைய மொழிபெயர்ப்புல அந்த வினை கண்ணுக்குத் தெரியுது. பவுல் மூன்றாம் வானம் வரைக்கும் ‘எடுக்கப்பட்டான்’ (2 கொரிந்தியர் 12), வெளிப்படுத்தின விசேஷம் 12:5ல அந்த ஆண்பிள்ளை ‘எடுத்துக்கொள்ளப்பட்டது’, ரெண்டு இடத்துலயும் கிரேக்கம் அதே ஹர்பாட்ஸோ. எந்தத் தரப்பும் இதுல சண்டைக்கு வர முடியாது. முன்னாடியா பின்னாடியாங்கிறத அடைமொழியா வெச்சுக்கலாம், உபத்திரவத்துக்கு முந்தின எடுத்துக்கொள்ளப்படுதல், பிந்தின எடுத்துக்கொள்ளப்படுதல்னு. ‘இரகசிய வருகை’ய தூக்கிப்போடச் சொல்லல, அது முந்தின தரப்போட கோட்பாட்டுப் பேரா தனி வரில இருக்கட்டும்.

என்ன சொல்றீங்க?

---

மறு: மறு: ரேப்ச்சருக்குத் தமிழ்ல என்ன?

தம்பி, ஸ்தோத்திரம். ஆர்வம் சந்தோஷமா இருக்கு. ஆனா ரெண்டு காரியம் சொல்லணும். ஒண்ணு, இரகசியம்ங்கிற சொல்ல யாரோ வெளியேருந்து கொண்டுவந்து ஒட்டல, 1 கொரிந்தியர் 15:51 ‘இதோ, ஒரு இரகசியத்தை உங்களுக்கு அறிவிக்கிறேன்: நாமெல்லாரும் நித்திரையடைவதில்லை’ன்னு பவுலே சொல்றாரு. இரவிலே திருடன் வருகிறவிதமாய்னும் எழுதியிருக்கு. ரெண்டு, ஜனங்க வாயில இருக்குற சொல்ல விட்டுட்டு நாம உக்காந்து புதுசு பண்ணினா அது நம்ம குழுவோட நிக்கும். உங்க எடுத்துக்கொள்ளப்படுதல் பிரசங்கத்துல மூணு தரம் சொன்னா மூச்சு வாங்கும்.

ஆயிரவருஷ அரசாட்சி பக்கமும் பாருங்க. வருகை அதுக்கு முன்னங்கிற ப்ரீமில்லெனியலுக்கு முன்வருகைவாதம், பின்னங்கிற போஸ்ட்மில்லெனியலுக்குப் பின்வருகைவாதம், தனியா அப்படி ஒரு காலம் இனி வராதுங்கிற அமில்லெனியலுக்கு ஆயிரவருஷ மறுப்புவாதம்னு நான் எழுதி வெச்சிருக்கேன். சுருக்கமா இருக்கு, பட்டியல்ல சேத்துக்கலாம்.

---

மறு: மறு: மறு: ரேப்ச்சருக்குத் தமிழ்ல என்ன?

ஐயா வணக்கம், பதிலுக்கு நன்றி.

15:51 நல்ல பிடி, நான் அத யோசிக்கல. ஆனா அங்க இரகசியம்னு வர்றது கிரேக்கத்துல மிஸ்தேரியோன், இவ்வளவு நாள் மறைஞ்சிருந்து இப்ப அறிவிக்கப்படுற சேதி. யாரும் பாக்காம நடக்குற சம்பவம்னு அர்த்தம் இல்லையே, ‘அறிவிக்கிறேன்’னு அதே வரில இருக்கு. திருடன் உவமை எதிர்பாராத வேளையப் பத்தினதுன்னும் எடுக்கலாம். இன்னொண்ணு, 4:17க்கு ஒரு வரி மேல 4:16ல ‘ஆரவாரத்தோடும், பிரதான தூதனுடைய சத்தத்தோடும், தேவ எக்காளத்தோடும்’னு இருக்கு, இத்தனை சத்தத்தோட வர்றத இரகசியம்னு சொன்னா மத்த தரப்புக்காரங்க சிரிக்கத்தான் செய்வாங்க. உங்க தரப்புல இதுக்குப் பதில் இருக்குன்னு தெரியும், உலகத்துக்குப் புரியாது சபைக்குத்தான் கேக்கும்னு சொல்லுவீங்க. என் கவலை அதுதான் ஐயா, அந்தப் பதிலும் அதுக்கு எதிர்ப்பதிலும் நடக்குறதுக்குப் பொதுவா ஒரு சொல்லு வேணும்.

அதே வசனத்துல ‘எதிர்கொண்டுபோக’ன்னு இருக்கே, அதையும் பட்டியல்ல சேக்கணும். கிரேக்கத்துல அபாந்தேசிஸ். மத்தேயு 25:6ல கன்னிகைகள் மணவாளனுக்கு எதிர்கொண்டுபோறாங்க, அப்போஸ்தலர் 28:15ல ரோமாபுரி சகோதரர்கள் பவுல எதிர்கொண்டு மூன்று சத்திரம் வரைக்கும் வர்றாங்க, வந்து அவரோடயே ஊருக்குத் திரும்புறாங்க. இத வெச்சுத்தான் பிந்தின தரப்பு, மேல போறது மேலேயே தங்குறதுக்கு இல்ல, வர்ற ராஜாவ அழைச்சுக்கிட்டு இறங்குறதுக்குன்னு வாதாடுது. முந்தின தரப்பு, எங்க திரும்புனாங்கன்னு அந்த வசனத்துல இல்லையே, யோவான் 14:3ல பிதாவின் வீட்டுக்குல்ல கூட்டிட்டுப் போறாருன்னு கேக்குது. இந்தச் சண்டைக்கு நம்ம எதிர்கொள்ளுதல்ங்கிற சொல்லு எவ்வளவு பொருத்தமா இருக்கு பாருங்க, மாப்பிள்ளைய எதிர்கொள்றதுன்னாலே என்னன்னு விளக்கவே வேணாம்.

இப்ப ஆயிரவருஷம். முன்வருகைன்னா தமிழ்ல தானா முன்வந்து உதவுறதுன்னு தோணும், பின்வருகைன்னா ‘பின்வரும் பட்டியல்’ மாதிரி. அதவிடப் பெரிய சிக்கல், எதுக்கு முன், எதுக்குப் பின்? ப்ரீங்கிறது வருகை ஆயிரவருஷத்துக்கு முன்னன்னு, ஆனா படிக்கிறவன் ஆயிரவருஷம் வருகைக்கு முன்னன்னு புரிஞ்சுப்பான், தலைகீழா. நான் பாத்த வரைக்கும் பாதிப் பேர் இங்கதான் குழம்புறாங்க. வருகைய நடுவுல நட்டு வெச்சுட்டுப் பேசலாம்: ‘வருகைக்குப்பின் ஆயிரம்’, இது 2ஆம் நூற்றாண்டு ஆயர் ஐரேனியு காலத்துலேருந்து இருக்குற ப்ரீமில். ‘வருகைக்குமுன் பொற்காலம்’, சுவிசேஷம் பரவி உலகம் மெல்ல மெல்லத் திருந்தி அதுக்கப்புறம் கிறிஸ்து வருவார்ங்கிற போஸ்ட்மில், 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகர் ஜோனதன் எட்வர்ட்ஸ் காலத்துல செல்வாக்கா இருந்து முதல் உலகப்போருக்கு அப்புறம் ரொம்பவே இளைச்சுப் போச்சு. ப்ரீக்கு ‘பின்’ போடுறது விசித்திரமாத்தான் தெரியும், ஆனா நாம அர்த்தத்தத்தானே தமிழாக்குறோம், முன்னொட்டை இல்லையே.

மறுப்புவாதம் மட்டும் வேண்டவே வேண்டாம் ஐயா. அது எதிராளி வெச்ச பேரு மாதிரி இருக்கு. அமில் ஆட்கள் வெளிப்படுத்தின விசேஷம் 20ஐ மறுக்கல, அந்த ஆயிரம் வருஷம் இப்பவே ஓடிக்கிட்டு இருக்குன்னு சொல்றாங்க, முதல் வருகைலேருந்து ரெண்டாம் வருகை வரைக்கும் உள்ள மொத்தக் காலத்துக்கும் ஆயிரம்ங்கிறது ஒரு நிறைவான எண்ணு. அகஸ்டின் ‘கடவுளின் நகரம்’ 20ஆம் புத்தகத்துல சாத்தான் கட்டப்பட்டத மாற்கு 3:27ல பலவானக் கட்டுறதோட சேத்து விளக்குறாரு, தானும் ஒரு காலத்துல மத்த கருத்துல இருந்தவன்தான்னு அவரே ஒத்துக்குறாரு. ஆங்கிலப் பேருல ‘அ’ன்னு ஒரு எதிர்மறை ஒட்டிக்கிச்சு, அந்தப் பேரே 20ஆம் நூற்றாண்டுலதான் பரவலாச்சு, அந்தத் தப்ப நாமளும் சுமக்கணுமா? ‘நடப்பு ஆயிரம்’னு வைக்கலாம். உருவக ஆயிரம்னும் சொல்லலாம், ஆனா போஸ்ட்மில்லும் எண்ண உருவகமா எடுக்குறது உண்டு.

வாதத்தப் பத்தியும் ஒண்ணு. எல்லாத்துக்கும் வாதம் வாதம்னு போட்டா முடக்குவாதம் பக்கவாதம் பட்டியல் மாதிரி இருக்கு. ‘நோக்கு’ போதும். கடைசிக்காலத் தீர்க்கதரிசனம் நிறைவேறிடுச்சு, கி.பி. 70ல எருசலேம் விழுந்ததோட பெரும்பகுதி முடிஞ்சதுங்கிற ப்ரிட்டரிசத்துக்கு இறந்தகால நோக்கு, நம்ம இலக்கணமே ரெடியா வெச்சிருக்கு. இன்னும் வரணும்ங்கிறதுக்கு எதிர்கால நோக்கு. ஹிஸ்டாரிசிசத்துக்கு நிகழ்காலம் பொருந்தாது, அது சபையோட சரித்திரம் முழுக்க வசனத்த நீட்டி வாசிக்கிறது, தொடர்வரலாற்று நோக்குன்னு வைக்கலாம். போப்புதான் அந்திக்கிறிஸ்துன்னு சீர்திருத்தக்காரங்க சொன்னது இந்த நோக்குல, ஒரு நாளுக்கு ஒரு வருஷம்னு தானியேல் 8:14ஓட 2300 நாளக் கணக்குப் போட்டு 1844 அக்டோபர் 22ன்னு அமெரிக்காவுல வில்லியம் மில்லர் பேச்ச நம்புனவங்க கிறிஸ்து வருவாருன்னு காத்திருந்து ஏமாந்ததும் இதுலதான். வேடிக்கை என்னன்னா போப்ப நோக்கி வந்த அந்த அம்ப திருப்ப ஸ்பெயின் இயேசு சபைக்காரங்க ரெண்டு பேரு ரெண்டு பக்கம் போனாங்க, ரிபேரா எதிர்காலத்துக்குத் தள்ளினாரு, அல்காசார் (நூல் வந்தது 1614) இறந்தகாலத்துக்குத் தள்ளினாரு. இன்னிக்கு எதிர்கால நோக்கப் பிடிச்சுக்கிட்டு இருக்குறவங்கள்ல நிறையப் பேரு ப்ராட்டஸ்டண்ட்.

மூச்சு வாங்குறதப் பத்திச் சொன்னீங்க, அது நியாயம். பிரசங்கத்துல ‘எடுத்துக்கொள்ளப்படும் நாள்’னு சொல்லலாமே, ‘படுதல்’ல முட்டிக்க வேணாம்.

---

மறு: மறு: மறு: மறு: ரேப்ச்சருக்குத் தமிழ்ல என்ன?

தம்பி, நடப்பு ஆயிரம் எனக்குப் பிடிச்சிருக்கு, எங்க தரப்பு இல்லன்னாலும். ப்ரீக்குப் ‘பின்’ போடுறது மட்டும் மனசு ஒப்பல, ரெண்டு வடிவமும் பட்டியல்ல இருக்கட்டும். இரகசிய வருகைய தனி வரில வெச்சா எனக்கு ஆட்சேபம் இல்ல.

---

மறு: மறு: மறு: மறு: மறு: ரேப்ச்சருக்குத் தமிழ்ல என்ன?

அக்கா எழுதுறேன். ரெண்டு பேரும் சொன்னபடி மாத்திட்டேன், ப்ரீமில் வரில ரெண்டு வடிவமும் இருக்கு. டிஸ்பென்சேஷன் மட்டும் காலியாக் கிடக்கு, தேவன் மனுஷரோட ஒவ்வொரு விதமா நடந்துக்குற காலப்பகுதின்னு டார்பி தரப்பு சொல்றது. கிரேக்கத்துல ஒய்கொனோமியா, வீட்டு நிர்வாகம். எபேசியர் 1:10ல அத ‘நியமம்’னு போட்டிருக்காங்க, 1 கொரிந்தியர் 9:17ல அதே சொல்லு ‘உக்கிராண உத்தியோகம்’, பண்டகசாலைப் பொறுப்பு. எனக்கு உக்கிராணம்தான் மூலத்துக்குக் கிட்டத் தெரியுது, ஒவ்வொரு காலத்துலயும் தேவன் வீட்டுச் சாவிய ஒவ்வொரு விதமா ஒப்படைக்கிறாருங்கிறதுதானே அவங்க கொள்கை. ஆனா உக்கிராணகால நோக்குன்னு எழுதிட்டுப் பாத்தா கல்யாண வீட்டு அரிசி மூட்டை கண்ணு முன்னாடி வருது. நியமகாலம்னு வெச்சா யாருக்கும் ஒண்ணும் கண்ணு முன்னாடி வரல. எது பரவால்ல?