நிறுத்தி வைத்த ஆர்.எக்ஸ்-8 கிளம்ப மறுத்தால்: ரோட்டரி வண்டிக்காரர்களின் அனுபவப் பகிர்வு

குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த மாஸ்டா ஆர்.எக்ஸ்-8. பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் ரோட்டரி இன்ஜின் கார். செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, பற்றவில்லை. பத்தில் பாதிப் பேர் அப்போதே "சீல் போச்சு, இன்ஜின் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டே காரணம்: இன்ஜினுக்குள் பெட்ரோல் தேங்கியிருக்கும், இல்லையென்றால் பேட்டரி சோர்ந்து செல்ஃப் மெதுவாகச் சுற்றும். பல நேரம் இரண்டும் சேர்ந்தே வரும்.

ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் ஏபெக்ஸ் சீல், ஹவுசிங் (ரோட்டர் சுற்றும் கூடு) சுவரில் ஒட்டி ஓடுவதற்கு மெல்லிய ஆயில் படலம் வேண்டும். அதிகப்படி பெட்ரோல் அந்தப் படலத்தைக் கழுவிவிடும். படலம் போனால் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுந்தும் பலம்) இறங்கும், கம்ப்ரஷன் இறங்கினால் பற்றாது, பற்றாத ஒவ்வொரு சுற்றுக்கும் இன்ஜெக்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றும். அதனால்தான் விடாமல் செல்ஃப் அடிக்க அடிக்க நிலைமை கெட்டுக்கொண்டே போகிறது.

முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் மற்றதெல்லாம் அப்புறம்.

பேட்டரி சரியென்றால் ஆக்சிலரேட்டரைத் தரை தட்ட மிதித்துக்கொண்டு 10 விநாடி செல்ஃப் அடியுங்கள். முழு மிதியில் ஆர்.எக்ஸ்-8-இன் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை நிறுத்திவிடும், உள்ளே காற்று மட்டும் போகும். அரை நிமிடம் செல்ஃப் ஆறட்டும். இப்படி மூன்று தடவை செய்த பிறகு காலை எடுத்துவிட்டு வழக்கம்போல் ஸ்டார்ட் செய்யலாம். சாவியை விடுவதற்குள் மிதியை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. விட்ட கணமே இன்ஜெக்டர் மறுபடி ஊற்றத் தொடங்கும்.

* * *

மேலே சொன்னது பலிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றாமல் வேறு வழியில்லை. முன் இடது பக்கம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினால் நாலு பிளக்கும் கைக்கு எட்டும். ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு: மேல் வரிசை ட்ரெய்லிங் (பின்னால் பொறி விடுவது), கீழ் வரிசை லீடிங் (முதலில் பொறி விடுவது). கழற்றும்போதே ஒயர்களில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசை பிளக்கும் ஒன்றல்ல. என்.ஜி.கே. பிராண்டில் லீடிங் ஆர்.இ.7சி-எல், ட்ரெய்லிங் ஆர்.இ.9பி-டி. சூட்டை வெளியேற்றும் திறன் வேறு என்பதால் மாற்றிப் போட்டால் வம்பு.

பிளக் இல்லாமல் செல்ஃப் அடிப்பதற்கு முன் நாலு காயிலின் (பிளக்குக்குப் பொறி தரும் மின்சுருள்) கனெக்டரையும் பிடுங்கிவிடுங்கள். துளை வழியாகப் பெட்ரோல் புகையாகப் பீய்ச்சும், பக்கத்தில் ஒரு பொறி பறந்தால் போதும். துளைகளுக்கு எதிரே பழைய துணி. மிதி தரையில். பத்துப் பத்து விநாடியாக, துணியில் ஈரம் படுவது நிற்கும் வரைக்கும் செல்ஃப் அடியுங்கள்.

பிறகு மேல் துளை வழியாக ஒவ்வொரு ரோட்டருக்கும் 5 முதல் 10 மி.லி. இன்ஜின் ஆயில் அல்லது டூ-ஸ்ட்ரோக் ஆயில். ஊசி போடும் சிரிஞ்சில் சின்ன டியூப் மாட்டினால் சிந்தாது. "ஊற்றுவதுதான் ஊற்றுகிறோம்" என்று 50 மி.லி. ஊற்றினால் புது பிளக்கும் ஆயிலில் முங்கிவிடும். முன்பக்க ஷாஃப்ட் போல்ட்டில் 19 மி.மீ. சாக்கெட் போட்டு, முன்னாலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் கையால் மூன்று முழுச் சுற்று. ஷாஃப்ட் மூன்று சுற்றினால்தான் ரோட்டர் ஒரு சுற்று சுற்றும், அதனால்தான் அந்த மூன்று கணக்கு.

பெட்ரோலில் ஊறிய பிளக்கைக் காயவைத்துத் திரும்பப் போடுவதில் நம்பிக்கை வேண்டாம். பார்க்கக் காய்ந்திருக்கும், பொறி பலவீனமாகவே வரும். புது செட் போடுங்கள். இறுக்கம் 13 முதல் 18 நியூட்டன் மீட்டர். அலுமினிய ஹவுசிங், மரை போனால் அழ வேண்டியதுதான்.

* * *

கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யலாம் என்று யோசனை சொல்லும் பழைய ஆர்.எக்ஸ்-7 (இதற்கு முந்தைய ரோட்டரி மாடல்) ஆட்கள் கவனத்துக்கு: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) உள்ள வண்டியில் வேண்டாம். எரியாத பெட்ரோல் எல்லாம் அதற்குள் போய்ப் பற்றும், உள்ளே இருக்கும் தேன்கூடு உருகும். அடைத்துக்கொண்ட கன்வெர்ட்டர் இன்ஜினையும் சேர்த்துச் சூடாக்கும். செல்ஃப் வேகம் பத்தவில்லை என்றால் நல்ல பேட்டரியோடு ஜம்ப்பர் கேபிள் போடுவதே மேல்.

எஃப்.சி., எஃப்.டி. தலைமுறை ஆர்.எக்ஸ்-7 வைத்திருப்பவர்கள் இன்ஜெக்டரை நிறுத்த மிதியை நம்பாமல் இ.ஜி.ஐ. (பெட்ரோல் இன்ஜெக்ஷன்) ஃப்யூஸைப் பிடுங்குவது வழக்கம். அந்த வண்டிகளில் இன்னொன்றையும் பாருங்கள்: ஹவுசிங்குகளுக்கு நடுவே உள்ள ரப்பர் கூலண்ட் சீல். நிறுத்தி வைத்ததில் கூலண்ட் குறைந்து, கழற்றிய பிளக் பெட்ரோல் வாசனை இல்லாமல் ஈரமாக இருந்தால், அது தேங்கிய பெட்ரோல் அல்ல. உள்ளே இறங்கிய கூலண்ட். ஆயில் வைத்தியம் அதற்கு உதவாது, பிரித்துத்தான் ஆக வேண்டும்.

* * *

கம்ப்ரஷன் பற்றி. ஈரமான இன்ஜினில் கம்ப்ரஷன் பார்த்துவிட்டு வண்டியைப் பாதி விலைக்கு விற்றவர்கள் உண்டு. முதலில் காயவைத்து, ஆயில் விட்டு, ஓடவைத்து, சூடேறிய பிறகு பாருங்கள்.

மீட்டருக்கு முன் காது போதும். ஒரு ரோட்டரின் பிளக்கை மட்டும் கழற்றி, காயில் கனெக்டர் பிடுங்கிய நிலையில், மிதியைத் தரையில் வைத்துச் செல்ஃப் அடித்தால் "புஃப், புஃப், புஃப்" என்று சம இடைவெளியில் ஒரே பலத்தில் வர வேண்டும். ரோட்டரின் மூன்று பக்கத்துக்கும் ஒவ்வொரு அறை, அறைக்கு ஒரு சத்தம். மூன்றும் சமமாக, ஆனால் மெலிதாக வந்தால் ஆயில் படலம் போயிருக்கிறது, செல்ஃப் மெதுவாக இருக்கிறது, அல்லது ஹவுசிங் பொதுவாகத் தேய்ந்திருக்கிறது. ஒன்று பலமாக, இரண்டு மெலிதாக வந்தால் ஏபெக்ஸ் சீலைச் சந்தேகப்படுங்கள். ஒரு முனையின் சீல் பக்கத்துப் பக்கத்து இரண்டு அறைக்கும் பொது, ஒன்று கெட்டால் இரண்டும் ஒழுகும். ஒன்றே ஒன்று மெலிதென்றால் பெரும்பாலும் சைடு சீல் (ரோட்டரின் பக்கவாட்டு முகத்தில் இருப்பது).

நீண்ட நாள் நின்ற வண்டியில் ஏபெக்ஸ் சீல் உடைந்திராமல், கரியில் ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்கலாம். ஒவ்வொரு ரோட்டருக்கும் 20 மி.லி. அளவுக்கு ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் விட்டு, கையால் சுற்றி, ஒரு இரவு ஊறவிட்டு மறுபடி கேளுங்கள். விடுபட்டால் சத்தம் மூன்றும் சமமாகும்.

மீட்டரில் பார்ப்பதானால் சாதாரண பிஸ்டன் மீட்டர் மூன்று அறையில் அதிகமானதை மட்டும் பிடித்துக் காட்டும். ரோட்டரிக்கான மீட்டரே வேண்டும். ஆர்.எக்ஸ்-8-க்கு மாஸ்டாவின் கணக்கு, 250 ஆர்.பி.எம்.மில்: இருக்க வேண்டியது 830 கிலோ பாஸ்கல், குறைந்தபட்சம் 680. ஒரே ரோட்டரின் அறைகளுக்குள் வித்தியாசம் 150-ஐயும், இரண்டு ரோட்டர்களுக்கிடையே 100-ஐயும் தாண்டக் கூடாது. எந்த வேகத்தில் எடுத்தது என்று குறிக்காத கம்ப்ரஷன் சீட்டைக் குப்பையில் போடுங்கள்.

* * *

எல்லாம் சரி, பொறிதான் வரவில்லை என்றால் காயிலைப் பாருங்கள். ஆர்.எக்ஸ்-8-இல் நாலு காயில், சூட்டில் வெந்து சாகும் ஜாதி. நிறுத்தும் முன்பே பலவீனமாக இருந்தது, குளிரில் முதல் ஸ்டார்ட்டில் கைவிடும்.

பெட்ரோலையும் மறக்க வேண்டாம். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது). எத்தனால் ஈரத்தை இழுக்கும், கிடக்கும் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதியும் போய்விடும். ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்தால் வடித்துவிட்டுப் புதுசு நிரப்புங்கள்.

பேட்டரி கழற்றி மாட்டியதில் டி.எஸ்.சி. (சறுக்கல் தடுப்பு) விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் ஸ்டீயரிங்கை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை திருப்பினால் அணைந்துவிடும்.

பற்றிய பிறகு ஐந்து நிமிடம் தெருவே மறையும் அளவு வெள்ளைப் புகை வரும். விட்ட ஆயில் எரிகிறது, அவ்வளவுதான். ஷெட்டுக்குள் மட்டும் செய்யாதீர்கள். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வரும் வரை அணைக்காதீர்கள். பிறகு டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை அடித்தால் ஓட்டுவதற்கு முன் ஆயில் மாற்றுங்கள்.

* * *

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துக் கழுவிவிட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணி உள்ளே விட்டு, சூடேறும் முன்பே அணைப்பது. தேங்கிய பெட்ரோல் கேஸில் பாதி இதனால்தான் வருது. பத்தடி நகர்த்தணும்னா நியூட்ரலில் தள்ளுங்க.